சுரங்கத்தில் சொன்ன சொல்

பந்துக்கும் குழிக்கும் நடுவே ஒரு கை நீளம்தான் இருந்தது. மெல்வின் ஷிரோமா மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்து, கோல்ஃப் மட்டையை மெல்லப் பின்னால் இழுத்தார். அந்த நேரம் பார்த்து நான்கு கைபேசிகளும் ஒன்றாக அலறின.

யாரோ கூப்பிடும் மணி அல்ல அது. தகரத்தைக் கிழிப்பது போல விட்டு விட்டு வரும் எச்சரிக்கைச் சத்தம். மெல்வினின் கை துள்ளியது. பந்து குழியைத் தாண்டி ஓடி, புல் ஓரத்தில் மேய்ந்துகொண்டிருந்த காட்டுச் சேவலின் காலடியில் போய் நின்றது.

“எந்தப் புண்ணியவான் போனை அணைக்காம வச்சிருக்கான்?” என்று கத்தினார் மெல்வின்.

“நாலு பேருமேதான். உன் பாக்கெட்டும் சேந்துதான் கத்துது” என்றார் வெர்னா.

கிளிஃபர்ட் அகானா வண்டியில் சாய்ந்தபடி கொட்டாவி விட்டார். “வெள்ள எச்சரிக்கையா இருக்கும். இந்தக் காவாய் தீவுல வடக்கே நாலு தூறல் விழுந்தாப் போதும், ஊர் முழுக்க மணி அடிச்சுருவாங்க. நீ ஆடு. ஆனா இப்ப அடிச்சது கணக்குல வரும், சொல்லிட்டேன்.”

“எப்படிடா வரும்? பேய் மாதிரி சத்தம் வந்துச்சு, கை ஆடிருச்சு.”

“இடியே விழுந்தாலும் அடிச்சது அடிச்சதுதான்.”

கிளிஃபர்டின் மனைவி பியர்லின் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு தன் கைபேசித் திரையைப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சில் வேதம் வாசிப்பவர். எதைப் படித்தாலும் நிறுத்தி, திருத்தமாகப் படிப்பார். அதையும் அப்படித்தான் படித்தார்.

“ஹவாயை நோக்கி ஏவுகணை வந்துகொண்டிருக்கிறது. உடனே பாதுகாப்பான இடத்தில் ஒதுங்கவும். இது ஒத்திகை அல்ல.”

சேவல் ஒரு தரம் கூவிற்று. ஜனவரி மாதச் சனிக்கிழமைக் காலை. வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. கீழே கடல் எப்போதும்போல் நீலமாகக் கிடந்தது.

“ஒத்திகையாத்தான் இருக்கும்” என்றார் கிளிஃபர்ட். “போன மாசம்கூட புதுச் சைரன் ஒண்ணை ஊதிப் பாத்தாங்களே.”

“ஒத்திகை இல்லைன்னு போட்டிருக்குடா.”

“ஒத்திகைன்னு போட்டா எவன் ஓடுவான்? அதனால அப்படிப் போட்டிருப்பாங்க.”

“வடகொரியாக்காரன் ஒரு மாசமா மிரட்டிட்டிருக்கான் கிளிஃபர்ட்” என்றார் பியர்லின். “ஹொனலூலுல பேரப் பிள்ளைங்க இருக்காங்க.”

அதற்குப் பிறகு யாரும் வாதாடவில்லை. கிளிஃபர்ட் வண்டியைக் கிளப்பினார். பியர்லின் தாவி ஏறினார். வெர்னா மற்ற வண்டியில் ஏறித் திரும்பிப் பார்த்தால், மெல்வின் இன்னும் குழியைச் சுற்றிய கிரீன் புல்தரையில் குனிந்துகொண்டிருந்தார். சேவலை விரட்டிவிட்டு, பந்து கிடந்த இடத்தில் ஒரு காசை வைத்து அடையாளம் செய்துவிட்டுப் பந்தைத் துடைத்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டிருந்தார். நாற்பது வருஷப் பழக்கம். உலகம் அழிகிறது என்று யாரோ சொன்னதற்காகக் கை மறந்துவிடுமா?

“மெல்வின்!” என்று அலறினார் வெர்னா. “ஏவுகணை வருதுய்யா!”

“வந்துட்டேன், வந்துட்டேன்.”

கொடிக்கம்பை வேறு திரும்பக் குழியில் நட்டுவிட்டுத்தான் ஓடிவந்தார்.

அந்த மைதானத்தின் நடுவே ஒரு சாலை போகிறது. சாலைக்கு அடியில், கரும்பு ரயில் ஓடிய காலத்தில் கட்டிய கான்கிரீட் சுரங்கம் ஒன்று உண்டு. இப்போது அதற்குள் கோல்ஃப் வண்டிகள்தான் போகும் வரும். நால்வருக்கும் தெரிந்த ஒரே பாதுகாப்பான இடம் அதுதான். இரண்டு வண்டிகளும் சரிவில் குலுங்கிக்கொண்டு பறந்தன.

வண்டியில் வெர்னாவின் தோள் மெல்வினின் தோளில் இடித்துக்கொண்டே வந்தது. சாகப்போகிறோம் என்கிற பயத்தையும் மீறி மெல்வினுக்கு அது தெரிந்தது.

இந்தக் கதையில் மெல்வினின் கஷ்டம் என்ன என்பதை இங்கேயே சொல்லிவிடலாம்.

நால்வரும் ஹொனலூலுக்காரர்கள். ஒரே பள்ளிக்கூடம், ஒரே வயது. வெர்னாவின் கணவர் மேனி மெடைரோஸ் இருந்த காலத்தில், தீவுகளில் உள்ள பொது மைதானங்கள் எல்லாவற்றிலும் ஒரு முறையாவது ஆடிவிட வேண்டும் என்று மேனி, மெல்வின், கிளிஃபர்ட் மூவரும் ஒரு பந்தயம்போல வைத்துக்கொண்டார்கள். ஒவாஹுவை முடித்து, மௌய்யைப் பாதி முடித்தபோது மேனியின் இதயம் நின்றுபோனது. அடக்கம் முடிந்த சில மாதங்களில் வெர்னா தன் கணவரின் மட்டைப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து நின்றார்.

“பாதியில விட்டுட்டுப் போயிட்டார். நான் முடிச்சு வைக்கிறேன். எப்படிப் பிடிக்கணும் இதை?”

மெல்வின்தான் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தார். மெல்வினின் மனைவி அதற்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தார், பிள்ளைகள் இல்லை. குடிநீர்த் துறையில் குழாய் பார்த்து ஓய்வு பெற்ற மனுஷனுக்கு வாரம் முழுவதும் வேறு வேலையும் இல்லை. வெர்னாவின் பந்து முதல் வருஷம் முழுக்கத் தரையைவிட்டு எழும்பவில்லை. ஆனால் பள்ளிக்கூடச் சமையற்கூடத்தை முப்பது வருஷம் ஆட்டிவைத்தவர் ஆயிற்றே, அசரவில்லை. அவருக்குத் துணையாக பியர்லினும் ஆட்டத்துக்கு வந்தார். வருஷத்துக்கு ஒன்றிரண்டு தரம் நால்வரும் விமானம் ஏறுவார்கள். ஆடி முடித்து, அந்தந்தத் தீவின் பலகாரப் பெட்டிகளை அக்கம்பக்கத்துக்கெல்லாம் வாங்கிச் சுமந்துகொண்டு திரும்புவார்கள்.

எந்தத் தீவில் மெல்வினின் மனசு நழுவியது என்று அவருக்கே தெரியாது. மோலோகாயில் சொல்லிவிடலாம் என்று பார்த்தார். அந்தக் காற்றில் எதைச் சொன்னாலும் கேட்காது. லானாயில் ஊசிமர வரிசைக்கு நடுவே இருவரும் தனியாக நடந்தார்கள். ஒரு மான்கூட்டம் குறுக்கே வந்தது, அதன் பின்னாலேயே கிளிஃபர்ட் வந்தார். பெரிய தீவின் ஹிலோ ஊரில் மூன்று நாளும் மழை. இவை எல்லாம் சாக்கு என்பதும் மெல்வினுக்குத் தெரியும். மேனி அவருடைய உயிர்ச் சிநேகிதன். செத்துப்போன சிநேகிதனின் மனைவியிடம் எந்த முகத்தோடு போய்க் கேட்பது?

இப்போது சாக்குகளும் தீர்ந்துவிட்டன. காவாயின் இந்த மேட்டு மைதானம்தான் பாக்கியிருந்த கடைசி மைதானம். நீஹாவு தீவுக்குள் யாரையும் விடுவதில்லை. கஹோலாவே தீவில் கடற்படை குண்டு போட்டுப் பழகியதில் புல்கூடச் சரியாக இல்லை. “நல்லவேளை, இதோட முடிஞ்சுது” என்று போன வாரம் கிளிஃபர்ட் சொன்னபோது, நீஹாவுவில் ஒரு மைதானம் இருந்தால் என்ன குறைந்துபோகும் என்று நினைத்தவர் மெல்வின் ஒருவர்தான்.

வெர்னா மாதக் கடைசியில் லாஸ் வேகாஸுக்குக் கிளம்புகிறார். மகள் ஷெரி அங்கே இருக்கிறாள். ஊரில் வீட்டு வாடகை தாங்காமல் பாதிப் பேர் அங்கே போய்க் குடியேறிவிட்டதால், அந்தப் பாலைவன ஊரை ஹவாயின் எட்டுத் தீவுகளோடு சேர்த்து ஒன்பதாவது தீவு என்றே சொல்லிப் பழகிவிட்டது. “அந்தத் தீவுலயும் கோல்ஃப் மைதானம் இருக்கு, வந்து ஆடுங்க” என்று வெர்னா எல்லோரையும் அழைத்துவிட்டார். மெல்வினும் “வராம என்ன?” என்று சொல்லிவைத்திருந்தார்.

சுரங்கத்துக்குள் இருட்டாகவும் ஈரமாகவும் இருந்தது. கிளிஃபர்ட் வண்டியை நிறுத்தியதும் முதலில் எடுத்தது சோற்றுப் பொட்டலத்தை. சோற்றுக் கட்டியின் மேல் டப்பா இறைச்சி வைத்துக் கடற்பாசி சுற்றிய ஸ்பாம் முசுபி நான்கு.

“இப்பச் சாப்பிடறதா?” என்றார் பியர்லின்.

“பசியோட சாகணும்னு எங்கயாவது எழுதியிருக்கா?”

“பிள்ளைங்களைக் கூப்பிடு முதல்ல!”

கூப்பிட்டார். கிளிஃபர்டுக்கு லைன் கிடைக்கவில்லை. மறுபடி, மறுபடி கூப்பிட்டார். தீவுகள் அத்தனையிலும் எல்லோரும் ஒரே நேரத்தில் யாரையோ கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கடைசியில் மகனுக்கு, ‘எல்லாரும் பாத்ரூமுக்குள்ள போய்த் தொட்டியில படுங்க’ என்று எழுதி அனுப்பினார். அது போனதா இல்லையா என்று தெரியவில்லை. முசுபியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

“ஹொனலூலுலதான் விழும்னு ஏன் நினைக்கிற?” என்றார் மெல்வின், ஆறுதலாக. “இந்தத் தீவு மேற்கு ஓரத்துல ராணுவத்தோட ஏவுகணைத் தளம் இருக்கு. இங்க விழுந்தாலும் விழலாம்.”

“ரொம்ப நன்றிடா” என்றார் கிளிஃபர்ட்.

வெர்னா மட்டும் உள்ளே உட்காரவில்லை. கைபேசியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு சுரங்க வாயை நோக்கி நடந்தார்.

“வெர்னா, எங்க போற? உள்ள வா!”

“வாசல்ல ஒரு கோடு சிக்னல் காட்டுது. ஷெரிக்கு ஒரு வார்த்தை போயிருச்சுன்னா வந்துடறேன்.”

“வெட்டவெளியில நிக்காத!”

“நிழல்லதான் நிக்கிறேன், கத்தாத.”

வெளிச்சத்துக்கு எதிரே ஒரு கறுப்பு உருவமாக வெர்னா நின்றார். மெல்வின் அந்த உருவத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. வானத்தில் ஒரு கோடு தெரிந்தால், ஒரு மின்னல் அடித்தால், முதலில் போவது அவர்தான் என்று நினைத்துக்கொண்டார்.

பின்னால் கிளிஃபர்ட் தன் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார். “பியர்லின், ஒண்ணு சொல்லணும்.”

“ஜெபம் பண்ணிட்டிருக்கேன்.”

“இதையும் அதுல சேத்துக்கோ. பந்து புதருக்குள்ள போயிட்டா, நான் கால்ல தள்ளித்தான் வெளிய கொண்டுவருவேன்.”

பியர்லின் ஒரு கண்ணைத் திறந்தார். “எப்பவுமா?”

“எப்பவும். லானாயில ஜெயிச்சேனே, அதுகூட.”

“எனக்குத் தெரியும். உன் ஷூவைத் துடைக்கிறது யாரு? இடது கால் முனையில மட்டும் பச்சைக் கறை எப்படி வரும்?” பியர்லின் மூக்கை உறிஞ்சினார். “உங்க அம்மாவோட ஊறுகாய் ஜாடியை உடைச்சது பூனை இல்ல.”

“நீயா!”

“கர்த்தர் மன்னிப்பார். நீயும் மன்னிச்சிரு.”

இருவரும் கட்டிக்கொண்டு அழுதார்கள். பிறகு பியர்லின் சர்ச் பாட்டு ஒன்றை எடுத்தார். கிளிஃபர்டும் கட்டைக் குரலில் சேர்ந்துகொண்டார். கான்கிரீட் சுவரில் அது மோதி மோதி, இரண்டு பேர் பாடுவது இருபது பேர் பாடுவதுபோல் முழங்கியது.

அப்போதுதான் வெர்னா திரும்பி உள்ளே ஓடிவந்தார். அவருக்கு மூச்சு வாங்கியது. கைபேசியை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தார்.

“கேளுங்க, எல்லாரும் கொஞ்சம் கேளுங்க…”

பாட்டில் அது கேட்கவில்லை. மெல்வினுக்கு மட்டும் கேட்டது. அவர் எழுந்து போய் வெர்னாவின் இரண்டு கைகளையும், கைபேசியோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

“நீ பேசாத. நான் பேசணும்.”

“மெல்வின், ஒரு நிமிஷம் இரு…”

“நிமிஷமே இல்ல வெர்னா! இப்பச் சொல்லலைன்னா எப்பவும் சொல்ல மாட்டேன்.” பாட்டுக்கு மேல் கேட்கட்டும் என்று காதருகே குனிந்து கத்தினார். “வேகாஸுக்குப் போகாத. என்கூட இரு. மேனி மேல எனக்கு மரியாதை உண்டு. இருந்தாலும் சொல்றேன். நாம இத்தனை தீவுல ஆடினோமே, எந்தத் தீவுலயும் நான் பந்தைப் பாக்கல. உன்னைத்தான் பாத்துட்டிருந்தேன்.”

வெர்னா எதையோ சொல்ல வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். இருட்டில் அவர் முகம் சரியாகத் தெரியவில்லை.

“கட்டிக்கிறியான்னு கேக்கறியா?”

“ஆமா.”

“இங்க வச்சா?”

“வேற இடம் எங்க மிச்சமிருக்கு?”

வெர்னா அவரை ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்தார். “சரி” என்றார்.

மெல்வின் மூச்சு விடுவதற்குள் சுரங்கத்தின் மறுபக்கத்திலிருந்து வண்டி ஹாரன் காதைப் பிளந்தது. மைதானத்தில் ஆட்டத்தை மேற்பார்க்கும் மார்ஷல், எல்லோரும் பூகி என்று கூப்பிடுகிற கனத்த மனிதர், ஒரு கையால் வண்டியை ஓட்டிக்கொண்டு மறு கையைப் பைத்தியம்போல் ஆட்டிக்கொண்டு வந்தார்.

“பொய்! எல்லாம் பொய்! தப்பா அனுப்பிட்டாங்களாம்! டிவியில சொல்லிட்டான்! வெளிய வாங்க அங்கிள்! ஆன்ட்டி, பாட்டை நிறுத்துங்க, ஒண்ணும் வரல!”

பாட்டு நின்றது. பிறகு பியர்லின் பூகியை வண்டியோடு சேர்த்துக் கட்டிக்கொண்டார். கிளிஃபர்ட் சுரங்கத்தைவிட்டு வெளியே போய், புல்லில் மல்லாந்து படுத்து, வானத்தைப் பார்த்துச் சிரிசிரியென்று சிரித்தார். அப்போது அவர் கைபேசியில் மகனின் பதில் வந்தது. ‘அப்பா, நாங்க தூங்கிட்டிருந்தோம். எதுக்குத் தொட்டியில படுக்கணும்?’

அதைப் பார்த்ததும் கிளிஃபர்டின் சிரிப்பு அழுகையாக மாறி, மறுபடி சிரிப்பாயிற்று. பிறகுதான் கையில் நசுங்கிக்கிடந்த முசுபியைத் தின்றார்.

எல்லோரும் வெயிலில் நின்றார்கள். வெயில் அவ்வளவு நன்றாக இருந்தது. பக்கத்துக் குழியில் ஆடிய ஒரு ஜோடி மணல் பள்ளத்துக்குள் படுத்திருந்திருக்கிறது. எழுந்து தட்டிவிட்டுக்கொண்டு, படுத்த தடம் தெரியாமல் மணலை வாரிச் சமன் செய்துகொண்டிருந்தார்கள். பார்த்தவர்கள் யாரும் அதைப் பார்த்துச் சிரிக்கவில்லை. கோல்ஃப்காரர்கள் அப்படித்தான்.

“இப்பச் சொல்லிடறேன்” என்று கிளிஃபர்ட் எழுந்து உட்கார்ந்து, தலைவர்போல் கையை உயர்த்தினார். “சுரங்கத்துக்குள்ள யாரு என்ன சொல்லியிருந்தாலும் அது செல்லாது. பயத்துல உளறினது. வெளிய வந்தாச்சு, புதுக் கணக்கு. சம்மதமா?”

“ஜாடியும் செல்லாதுன்னா எனக்குச் சம்மதம்” என்றார் பியர்லின்.

“வெர்னா?”

வெர்னா சிரித்தார். “உங்க ரெண்டு பேருக்கும் அதுதான் நல்லது.”

“மெல்வின்?”

கிளிஃபர்டும் பியர்லினும் திரும்பி அவரைப் பார்த்தார்கள். வெர்னாவும் பார்த்தார். மெல்வினுக்கு அந்தச் சிரிப்பு மட்டும்தான் காதில் நின்றது. அவளே சிரித்துவிட்டாள் என்றால், நான் என்னத்தைப் பிடித்துக்கொண்டு தொங்குவது? சாகும் நேரத்தில் ஒரு மனுஷன் கையைப் பிடித்துக் கெஞ்சினால் யார்தான் முடியாது என்பார்கள்?

“சம்மதம்” என்றார் மெல்வின்.

வெர்னாவின் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே இருந்தது. ஆனால் அவர் குனிந்து ஷூ நாடாவைக் கட்ட ஆரம்பித்தார். அது ஏற்கெனவே கட்டித்தான் இருந்தது.

ஆட்டத்தைப் பாதியில் விட யாருக்கும் மனமில்லை. கிரீனுக்குத் திரும்பிப் போனால் மெல்வின் வைத்த காசு அங்கேயே கிடந்தது. அவர் பந்தை வைத்து அடித்தார். பந்து குழியின் விளிம்பைத் தொட்டுவிட்டு விலகிப் போயிற்று. கிளிஃபர்ட் அந்த முதல் அடியைக் கணக்கில் சேர்க்கவே இல்லை. அடுத்த குழியில் தன் பந்து புதருக்குள் விழுந்தபோது, மனைவியை ஒரு தரம் பார்த்துவிட்டு, காலால் தொடாமல் நான்கு அடி அடித்து வெளியே கொண்டுவந்தார்.

அதற்கடுத்த குழியில் நான்கு கைபேசிகளும் மறுபடி ஒன்றாக அலறின. எல்லோருக்கும் தூக்கிவாரிப் போட்டது. தவறான அறிவிப்பு, ஆபத்து எதுவும் இல்லை என்று இப்போதுதான் முறைப்படி செய்தி வந்திருந்தது.

“இந்த அரசாங்கம் சொல்லித்தான் நமக்குத் தெரியணும்னா, இந்நேரம் சுரங்கத்துலயே குடியிருந்திருப்போம்” என்றார் கிளிஃபர்ட்.

சிரித்தார்கள். அன்று எதற்கெடுத்தாலும் சிரிப்பு வந்தது. உயிரோடு இருப்பது ஒரு போதைபோல எல்லோருக்கும் ஏறியிருந்தது. மெல்வினுக்கும்தான். புல்லின் வாசனை, கடல் காற்று, கிளிஃபர்டின் மட்டமான ஜோக்குகள் எல்லாமே இனித்தன. ஆனால் ஒவ்வொரு குழிக்கும் வண்டியில் போகும்போது பக்கத்தில் வெர்னா வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்தார். வழக்கமாக வாய் ஓயாதவர். மெல்வின் ஓரிரு முறை பேச்சுக் கொடுத்துப் பார்த்தார்.

“காத்து நல்லா இருக்கு, இல்ல?”

“இருக்கு.”

“ஷெரிக்கு செய்தி போச்சா?”

“போச்சு.”

அவ்வளவுதான். சரி, அவளுக்குச் சங்கடம் என்று மெல்வின் முடிவுகட்டினார். வாய் தவறி ஒரு வார்த்தை சொல்லிவிட்டாள். நான் அதைப் பிடித்துக்கொள்வேனோ என்று பயப்படுகிறாள்.

கடைசிக் குழியில் வெர்னா ஒரே அடியில் நீண்ட தூரத்திலிருந்து பந்தை உருட்டிக் குழிக்குள் விட்டார். தீவுகள் அத்தனையும் முடிந்தன. பியர்லின் கைதட்டினார். கிளிஃபர்ட் தொப்பியைக் கழற்றி வானத்தைப் பார்த்து, “மேனி, முடிச்சுட்டாடா உன் பொண்டாட்டி” என்றார். வெர்னா கண்ணைத் துடைத்துக்கொண்டு குழியிலிருந்து பந்தை எடுத்தார். மெல்வின் கொடிக்கம்பைப் பிடித்தபடி நின்றார். என்ன செய்வது என்று தெரியாமல் அதைத் திரும்ப நட்டார்.

சாப்பாட்டுக் கவுண்டரில் சாய்மின் என்கிற நூடுல்ஸ் சூப்பைக் குடித்துவிட்டு, கிளிஃபர்டும் பியர்லினும் எதிரே இருந்த கடையில் ஊருக்குக் கொண்டுபோக பாஷன் பழம் வைத்துச் சுட்ட பலகாரம் வாங்கப் போனார்கள். வரிசை நீளமாக இருந்தது. உயிர் பிழைத்த அன்று எல்லோருக்கும் இனிப்பு வேண்டியிருந்தது.

மெல்வினும் வெர்னாவும் வாடகை வேனின் பின்கதவைத் திறந்து மட்டைப் பைகளை அடுக்கினார்கள். மேனியின் பழைய பை. அதை மெல்வின் எப்போதும்போல் கடைசியாக, அடிபடாத இடமாகப் பார்த்து வைத்தார். வைத்துவிட்டுக் கதவை மூடாமல் நின்றார்.

“வெர்னா.”

“ம்.”

“கிளிஃபர்ட் கேட்டப்ப நான் சம்மதம்னு சொன்னேன்ல?”

“சொன்ன.”

“அது பொய். எனக்குச் சம்மதம் இல்ல.”

வெர்னா திரும்பினார். இப்போது வெளிச்சம் இருந்தது. இருந்தாலும் மெல்வின் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. வேனின் கதவுப் பூட்டைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

“நான் அங்க சொன்னது அத்தனையும் செல்லும். பயத்துல வந்துச்சு, வாஸ்தவம். ஆனா உள்ளே ரொம்ப நாளா இருந்ததுதான் வந்துச்சு. அது என்னோட கணக்கு, என்னோடவே இருக்கட்டும். நீ சொன்னது வேற. அதுக்கு உன்னை நான் பிடிச்சு வைக்க மாட்டேன். நீ ஷெரிகிட்டப் போகணும்னா போ. ஏர்போர்ட்டுக்கு நானே கொண்டுவந்து விடறேன்.”

“முடிச்சுட்டியா?”

“இன்னும் கொஞ்சம் இருக்கு.”

“சொல்லு.”

“அவ்வளவுதான். மறந்துபோச்சு.”

வெர்னா இடுப்பில் கைவைத்து நின்றார். சமையற்கூடத்தில் சாதம் அடிபிடித்தால் நிற்பாராமே, அந்த மாதிரி.

“இதுக்குத்தான் மூஞ்சியைத் தொங்கப் போட்டுட்டு வந்தியா இவ்வளவு நேரமும்? நீ சம்மதம்னு சொன்னதும் எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா? அந்தக் கொடிக்கம்பாலேயே உன் மண்டையில போடலாம்னு இருந்துச்சு.”

“நீ சிரிச்சியே.”

“ஜாடிக்குச் சிரிச்சேன்யா! அந்தக் கிழவி அந்த ஜாடிக்காகப் பூனையை வீட்டை விட்டே துரத்தினா, உனக்குத் தெரியாதா?”

மெல்வின் கதவுப் பூட்டை விட்டுவிட்டு நிமிர்ந்தார். நெஞ்சுக்குள் எதுவோ தளர ஆரம்பித்தது. ஆனாலும் அவர் ஜாக்கிரதைக்காரர். குழாயில் ஒழுகல் நின்றுவிட்டது என்று சொல்லும் முன் இரண்டு தரம் தடவிப் பார்க்கிற தொழிலில் இருந்தவர்.

“இருந்தாலும் வெர்னா, யோசிச்சுப் பாரு. அந்த நேரத்துல, அடுத்த நிமிஷம் இருப்போமா மாட்டோமான்னு தெரியாம ஒருத்தி சொன்ன ‘சரி’யை எப்படி நான் எடுத்துக்கறது?”

“யாருக்குத் தெரியாம?”

“உனக்குத்தான். நம்ம யாருக்குத்தான் தெரிஞ்சது?”

வெர்னா தன் கைபேசியை எடுத்து, ஷெரி அனுப்பியிருந்த செய்தியைத் திறந்து, அவர் கண்ணுக்கு நேரே நீட்டினார். ‘அம்மா, பொய்யாம். இங்க டிவியில சொல்றாங்க. பயப்படாத.’

“மெல்வின், அந்தச் சுரங்கத்துக்குள்ள நான் ஓடிவந்ததே, எதுவும் வரலைன்னு உங்ககிட்டச் சொல்றதுக்குத்தான்.”